நடுப்பாதையில் மட்டும் விழும் அடி: பேஸ் பாக்ஸ்களை அளந்து நிறுத்துவது

திருநெல்வேலிப் பக்கம் கொடை விழாவில் வில்லுப்பாட்டு மேடை பெரும்பாலும் சாமிக்கு எதிர்முகமாகத்தான் இருக்கும். பாட்டு முதலில் சுடலைமாடனுக்கு, இசக்கியம்மனுக்கு, அப்புறம்தான் நமக்கு. மேடைக்கும் கோயில் நடைக்கும் நடுவே ஆறேழு அடி அகலத்துக்கு ஒரு பாதையை விட்டுவிட்டு, ஒரு பக்கம் பெண்கள், மறுபக்கம் ஆண்கள் என்று ஊர் உட்காரும். அந்தப் பாதையில் யாரும் உட்காரமாட்டார்கள். அது சாமியாடி வருகிற வழி.

மேடையின் இரண்டு ஓரத்திலும் பேஸ் பாக்ஸ்களை, அதாவது அடிச் சத்தத்துக்கான பெரிய பெட்டிகளைச் சரிபாதியாகப் பிரித்து அடுக்குவதுதான் எங்கள் ரேடியோ செட் தொழிலில் இன்றைக்கும் வழக்கம். அப்படி அடுக்கினால், பந்தலில் பேஸ் முழுதாகக் கேட்கிற ஒரே இடம் யாரும் உட்காராத அந்த நடுப்பாதைதான். இரண்டு பக்கமும் இருக்கிற ஜனங்களில் பாதிப் பேருக்கு உறுமியின் அடி நெஞ்சில் இறங்காது. கமிட்டியிலிருந்து ஆள் வரும்: “அண்ணாச்சி, அடி பத்தலையே. இன்னும் ரெண்டு பாக்ஸ் இறக்குங்க.” இறக்குவோம். நடுப்பாதையில் அடி இன்னும் ஏறும். ஓரத்தில் இருந்த சத்தப் பள்ளம் பள்ளமாகவே கிடக்கும்.

பேஸ் விஷயத்தில் பாக்ஸ் எத்தனை என்பதைவிட, அது எங்கே நிற்கிறது, எந்த நேரத்தில் அடிக்கிறது என்பதுதான் பெரிது. அந்த இரண்டையும் காதை வைத்து மட்டும் பிடிக்க முடியாது, அளக்க வேண்டும். பனைமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்ட காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. குழாயில் பேஸே வராது. 18 அங்குல ஸ்பீக்கர் இரண்டைக் கொண்ட பெட்டிகள் கிராமம் வரை வந்த பிறகுதான் இது நம் தலையில் ஏறியது. பெட்டி வந்த வேகத்தில் அதை நிறுத்தும் கணக்கு வரவில்லை என்பதே என் ஆதங்கம்.

முதலில் அலையின் அளவு. 20 டிகிரி வெப்பத்தில் சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். நம் ஊர் ராத்திரியை 26 டிகிரி என்று வைத்தால் 347 மீட்டர். இந்த 347-ஐ அதிர்வெண்ணால் வகுத்தால் அலையின் நீளம் கிடைக்கும். பேச்சில் தெளிவைத் தருகிற 2000 ஹெர்ட்ஸ் அலை ஒரு சாணுக்கும் குறைவு. 100 ஹெர்ட்ஸ் என்றால் மூன்றரை மீட்டர். 50 ஹெர்ட்ஸ் என்றால் ஏழு மீட்டர், அதாவது ஒரு டிராக்டரும் அதன் டிரெய்லரும் சேர்ந்த நீளத்துக்குப் பக்கம். இவ்வளவு பெரிய அலைக்கு நம்முடைய மூன்றடிப் பெட்டி ஒரு தடையே இல்லை. பெட்டியின் முகம் எந்தப் பக்கம் பார்த்தாலும் அலை அதைச் சுற்றிக்கொண்டு நாலா பக்கமும் போகும். மேலே இருக்கும், குரலும் மேல்சத்தமும் தரும் டாப் பாக்ஸைத் திருப்பினால் சத்தமும் திரும்பும். ஒற்றை பேஸ் பாக்ஸைத் திருப்பினால் பெரிதாக ஒன்றும் மாறாது. முன்னால் இருக்கும் ஜனத்துக்குப் போகிற அதே பேஸ், கிட்டத்தட்ட அதே அளவில், பின்னால் மேடைக்கும் போகிறது. மேடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுச் சுவருக்கும் போகிறது.

இனி, இரண்டு பெட்டி. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரில் வடம் பிடித்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. எத்தனை பேர் வடத்தில் கை வைத்திருந்தாலும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் தேர் அசையும். பாதிப் பேர் இழுக்கிற நேரத்தில் பாதிப் பேர் தளர்த்தினால் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரே அளவு சத்தம் தரும் இரண்டு பெட்டிகளின் அலை ஓரிடத்துக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் ஒற்றைப் பெட்டியைவிட 6 டெசிபல் கூடும். ஒன்று கால் சுற்று பிந்தினால் 3 டெசிபல்தான் கூடும். மூன்றில் ஒரு சுற்று பிந்தினால் கூடுதலே இல்லை. இரண்டு பெட்டிக்கு வாடகை கொடுத்து ஒரு பெட்டியைக் கேட்கிறோம். அரைச் சுற்று பிந்தினால் இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். இந்தச் சுற்றுக் கணக்கைத்தான் ஃபேஸ் என்கிறோம். முழுச் சுற்றுக்கு 360 டிகிரி.

கொடைப் பந்தலுக்கே வருவோம். மேடை நாற்பது அடி, அதாவது 12 மீட்டர். இரண்டு முனையிலும் பாக்ஸ். மேடையிலிருந்து 15 மீட்டர் தள்ளி நடுப்பாதையில் நின்றால் இரண்டு பக்கமும் ஒரே தூரம்; எல்லா பேஸும் கூடிக் கேட்கும். அங்கிருந்து பெண்கள் பக்கமாக 4 மீட்டர் நகருங்கள். கிட்டத்துப் பாக்ஸ் 15.1 மீட்டரிலும், தூரத்துப் பாக்ஸ் 18 மீட்டரிலும் இருக்கும். வித்தியாசம் 2.9 மீட்டர். அது 60 ஹெர்ட்ஸ் அலையில் சரியாகப் பாதி. பேஸ் டிரம்மும் உறுமியும் உயிரோடு இருக்கிற 60 ஹெர்ட்ஸ், பந்தலிலேயே நல்ல இடம் என்று முதலில் வந்து பிடித்த அந்த வரிசையில் செத்துவிடுகிறது. இன்னும் 4 மீட்டர் தள்ளிப் போனால் வித்தியாசம் 5.4 மீட்டர். இப்போது 64 ஹெர்ட்ஸ் கூடும், 32-உம் 97-உம் போய்விடும். அதாவது ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு விதமான பேஸ். இதை ஈக்வலைசரால் சரிசெய்ய முடியாது. ஒரு வரிசையில் 60-ஐ ஏற்றினால் நடுப்பாதையில் 60 காதை அடைக்கும்; விழுந்த வரிசையில் இரண்டு பெட்டியும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே அழியும்.

இதே கணக்குத்தான் மதில் சுவருக்கும். கோயில் மதிலுக்கு முன்னால் ஐந்தரை அடி, அதாவது 1.7 மீட்டர் தள்ளி பாக்ஸ் வைத்தால், பின்னால் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும் அலை 3.4 மீட்டர் பிந்தி வரும். அது 51 ஹெர்ட்ஸுக்கு அரைச் சுற்று. சுவர் கல்லாகவோ காரையாகவோ இருந்தால் திரும்பி வருவது கொஞ்சநஞ்சமாக இருக்காது. அந்த இடத்தில் இரண்டு வழிதான். ஒன்று, சுவரை ஒட்டி ஒன்றரை அடிக்குள் வைத்துவிடுவது. அப்போது சுவரே இன்னொரு பாக்ஸ் போல் சேர்ந்து உதவும். இல்லையென்றால் நன்றாகத் தள்ளி வைப்பது. ‘ஒயர் எட்டுகிற இடம்’ என்று நடுவில் எங்கேயோ வைப்பதுதான் மோசம்.

சரி, இடமும் வலமுமாகப் பிரிக்காமல் என்ன செய்வது? எளிய மருந்து, எல்லாப் பெட்டியையும் மேடைக்கு முன்னால் நடுவில் ஒன்றாகச் சேர்ப்பது. பள்ளம் போய்விடும். செலவு இல்லை, மென்பொருள் வேண்டாம். இதைக் கமிட்டியிடம் சொன்னால் முதலில் வருகிற மறுப்பு சத்தத்தைப் பற்றியதாக இருக்காது. “சாமிக்கும் வில்லுக்கும் நடுவில எதையும் மறைச்சு வைக்கக் கூடாது, தம்பி” என்பார்கள். அது நியாயம். பெட்டியைப் படுக்கப் போட்டால் இரண்டடிக்குக் கொஞ்சம் மேலே உயரம். மேடையின் மட்டத்துக்குக் கீழேயே அடங்கிவிடும். ஒரு வேட்டித் துணியைப் போர்த்தி, படுக்க வைத்துக் காட்டி, பெரியவரைக் கோயில் நடையில் நின்று பார்க்கச் சொன்னால் ஒத்துக்கொள்வார். நான் அப்படித்தான் ஒவ்வொரு ஊரிலும் அனுமதி வாங்குகிறேன்.

கூட்டம் அகலமாக உட்காரும் மைதானத்தில், அதே பெட்டிகளை மேடை நெடுக ஒரே வரிசையில் பரப்பலாம். ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததின் நடு வரை உள்ள தூரம், நாம் பேஸுக்கு அனுப்பும் மேல் எல்லை அதிர்வெண்ணின் பாதி அலைக்குள் இருக்க வேண்டும். 100 ஹெர்ட்ஸ் வரை அனுப்பினால் 1.7 மீட்டருக்குள். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் ஆறு பெட்டி நல்ல கணக்கு. ஆனால் வரிசை நீள நீள, அடி நேர் முன்னால் குவிந்து இரண்டு ஓரமும் காயும். அதற்குத்தான் டிலே. நடுவில் இருக்கும் இரண்டை அப்படியே விட்டு, அடுத்த ஜோடிக்கு 1.1 மில்லிசெகண்ட், கடைசி ஜோடிக்கு 3.7 மில்லிசெகண்ட் தாமதம் கொடுத்தால், ஆறு பெட்டியையும் 6 மீட்டர் ஆரமுள்ள வளைவில் வளைத்து வைத்த மாதிரி ஆகிவிடும். பெட்டி நகரவே இல்லை. அலை மட்டும் வளைந்து ஓரங்களுக்கும் போகும்.

இதில் எதுவும் பின்னால் போகும் பேஸைக் குறைப்பதில்லை. வில்லுப்பாட்டில் என் கை சுட்டுக்கொண்டது அங்கேதான்.

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கிராமம். வெள்ளிக்கிழமை சாமக்கொடை, அதாவது நடுராத்திரிப் பூஜை. முன்னால் நையாண்டி மேளத்துக்கு பேஸ் அருமையாக இருந்தது என்று, அதே நிலையில் வில்லுக்கும் விட்டுவிட்டேன். கதை பாடும் புலவர் காப்புப் பாட்டு எடுத்தார். குடக்காரர் பானையின் வாயில் முதல் அடி அடித்ததும் ‘தும்’ என்று விழ வேண்டிய சத்தம் ‘தும்ம்ம்ம்’ என்று நீண்டது, நிற்கவே இல்லை. குடத்துக்கு வைத்த மைக்கை இறக்கினேன். ஊளை நின்றது, குடமும் காணாமல் போனது. ஏற்றினால் மறுபடி ஊளை. புலவர் பாட்டை நிறுத்தாமலே என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு மணி நேரம் குடமில்லாத வில்லாகவே கதை நடந்தது. குடம் இல்லாமல் வில்லுப்பாட்டில் தாளத்துக்கு அடித்தளமே கிடையாது.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதைப் பின்னால்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். வாய் குறுகி வயிறு பெருத்த பானைக்குள் இருக்கும் காற்று ஒரு சுருள்வில் மாதிரி. கழுத்தில் இருக்கும் காற்று அந்தச் சுருள்வில்லில் தொங்கும் எடை. தட்டினால் அது தனக்கென்று உள்ள ஒரே சுருதியில் ஆடும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்து எழுதிய விஷயம் இது. அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். நம் பேஸ் பாக்ஸின் முகத்தில் இருக்கும் ஓட்டை, அதான் போர்ட், செய்வதும் குடத்தின் வேலையேதான். பெட்டி ஒரு பானை, போர்ட் அதன் கழுத்து. ஆக, நான் மேடைக்குப் பக்கத்திலேயே நாலு பெரிய பானைகளை முழங்கவிட்டு, மேடையில் ஒரு சின்னப் பானைக்கு மைக் வைத்திருக்கிறேன். என் பெட்டியின் சத்தம் பின்னால் போய்க் குடத்துக்குள் இறங்கி, அதைத் தட்டாமலே ஆட்டி, மைக் வழியாகத் திரும்பப் பெட்டிக்கே வந்து சுழன்றிருக்கிறது. போதாததற்குப் பலகை அடித்த மேடையின் வெற்றுவயிறும் கூடச் சேர்ந்து அதிர்ந்தது.

மறுவருஷம் அதே ஊருக்குக் கார்டியாய்டு முறையில், அதாவது பின்னால் போகும் பேஸை அழிக்கிற மாதிரி, வைத்தேன். இதன் கருத்து பழையது. அமெரிக்காவில் ஆர்சிஏ நிறுவனத்தில் இருந்த ஹாரி ஓல்சன், ஒன்றுக்கு ஒன்று எதிராக ஆடும் ஸ்பீக்கர்களை வைத்துச் சத்தத்துக்குத் திசை கொடுக்கும் முறையைப் பற்றி 1973இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். வேலை இப்படி: ஒரு பெட்டிக்குப் பின்னால் 1.2 மீட்டரில் இன்னொன்று. பின்னால் இருப்பதன் போலாரிட்டியை, அதாவது கூட்டல் கழித்தல் முனையைத் தலைகீழாக்கி, 3.5 மில்லிசெகண்ட் தாமதம் கொடுக்க வேண்டும். ஏன் 3.5? சத்தம் 1.2 மீட்டரைக் கடக்க எடுக்கும் நேரம் அது. மேடையில் நிற்பவருக்கு இரண்டு பெட்டியின் சத்தமும் ஒரே நொடியில், ஆனால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிற மாதிரி வந்து சேரும். அங்கே இரண்டும் அழியும். முன்னால் இருப்பவருக்கு அப்படியில்லை. பின்பெட்டியின் சத்தம் தாமதமும் தூரமும் சேர்ந்து 2.4 மீட்டர் பிந்தி வருவதால், தலைகீழாக இருந்தது நேராகிவிடும். 72 ஹெர்ட்ஸில் முழு 6 டெசிபலும் கூடும். 36 ஹெர்ட்ஸில் 3 டெசிபல்தான் கூடும். அந்த நஷ்டத்தை மறைக்கக் கூடாது: இரண்டு பெட்டியையும் சேர்த்து முன்பார்த்து வைத்தால் வருகிற அளவு முன்னால் வராது. அதற்குப் பதிலாகத்தான் மேடையில் அமைதி கிடைக்கிறது.

கிராம மேடைக்கு முன்னால் அத்தனை ஆழம் இருக்காது என்பதால், மூன்று பெட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவில் உள்ளதை மட்டும் மேடையைப் பார்க்கத் திருப்பிவிடுகிறேன். திரும்பிய முகத்துக்கும் மேடைக்கும் நடுவே இரண்டடியாவது மூச்சு விட இடம் வேண்டும். டிலேயைப் பெட்டியின் ஆழத்தைக் கொண்டு உத்தேசமாகப் போட்டுவிட்டு, சரியான எண்ணை மைக் வைத்து எடுக்கிறேன். மைக்கை வைக்கும் இடம் கூட்டத்தில் அல்ல, புலவர் உட்காரும் பாய் மேலே. முதலில் முன்பார்த்த இரண்டை மட்டும் ஓட்டி அளவைப் பதிந்துகொள்வேன். பிறகு திருப்பி வைத்ததை மட்டும். அந்த இடத்தில் இரண்டு கோடும் ஒரே உயரத்தில் வரும்வரை ஒலியளவைச் சரிசெய்து, ஃபேஸ் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை டிலேயை நகர்த்தி, அப்புறம் திருப்பியதன் போலாரிட்டியைக் கவிழ்ப்பேன். மூன்றையும் சேர்த்து ஓட்டினால் மேடையில் 10 முதல் 15 டெசிபல் வரை இறங்கும். அந்த வருஷம் குடம் தொடங்கி முடியும்வரை குடமாகவே கேட்டது.

எண்ட்-ஃபயர் என்று இன்னொரு முறை உண்டு. நாலு பெட்டியை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, முன்னால் இருப்பவற்றைப் பின்னால் இருப்பதன் சத்தம் வந்து சேரும் வரை காக்க வைப்பது. முன்னால் எல்லாம் முழுதாகக் கூடும். நாலைந்து மீட்டர் ஆழம் வேண்டும். பெரிய மைதானத்துக்குச் சரி. கோயில் முற்றத்துக்கு ஒத்துவராது.

அளக்கத் தேவையானவை மூன்று. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கும் ஓர் அளவை மைக், இரண்டு உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு லேப்டாப். ஸ்மார்ட் என்ற மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டும். ரூம் ஈக்யூ விசார்ட், ஓப்பன் சவுண்ட் மீட்டர் போன்றவற்றைக் காசில்லாமலே எடுத்துக்கொள்ளலாம். வேலைக்கு அவை போதும். மிக்சரிலிருந்து போகும் சத்தத்தை ஒரு வாயில் நேராகக் கொடுக்கிறோம். மைக் கேட்பதை மறு வாயில் கொடுக்கிறோம். போனது என்ன, வந்தது என்ன என்று இரண்டையும் ஒப்பிட்டு மென்பொருள் மூன்று கோடு போடும்: அளவு, ஃபேஸ், கோஹரன்ஸ். கடைசிக் கோடு, வந்த சத்தத்தில் எவ்வளவு நம்முடையது என்று சொல்வது. ஜெனரேட்டர் உறுமல், பக்கத்து மரத்தில் கட்டிய குழாய், எதிரொலி எல்லாம் கலந்தால் அது விழும். அது விழுந்த இடத்தில் மற்ற இரண்டு கோட்டையும் நம்பக் கூடாது. கைபேசியில் ஆடும் பட்டைகளைப் பார்த்துச் சிலர் சப் அலைன், அதாவது பேஸின் நேரத்தைச் சேர்க்கும் வேலை, செய்கிறார்கள். அந்தப் பட்டை அளவை மட்டும் காட்டும், நேரத்தைக் காட்டாது. நமக்கு வேண்டியது நேரம்.

சோதனைக்குப் போடும் பிங்க் நாய்ஸ் சாரல் சமயத்துக் குற்றாலத்து அருவி மாதிரியே இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு அதை ஓடவிட்டால் முதலில் பிள்ளைகள் கூடும், அப்புறம் பெரியவர்கள். “என்ன தம்பி, மழ பெய்யுத மாதிரி ஒரே எரைச்சலா இருக்கு, செட்டு கெட்டுப்போச்சா?” என்று ஒருவர் உண்மையான கவலையோடு கேட்பார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு பெட்டியில் ஒன்றைக் கவிழ்த்து, நிமிர்த்தி, வித்தியாசத்தைக் காட்டினால் அவரே பிள்ளைகளை ஓரம் தள்ளி நிற்கச் சொல்லி வேலைக்கு உதவுவார்.

அளப்பதில் முதல் வேலை தனித்தனிப் பெட்டி. இதைத் தாண்டிவிட்டு எந்த அரேயும், அதாவது பெட்டி வரிசையும், போடாதீர்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் மைக்கை முகத்திலிருந்து ஒரே தூரத்தில் தரையில் வைத்து, ஒன்றொன்றாக ஓட்டி, ஃபேஸ் கோடு எல்லாவற்றுக்கும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். கோன் மாற்றி வந்த ஸ்பீக்கரில் முனை மாறியிருக்கும், ஸ்பீக்கான் பிளக்குக்குள் ஒயர் மாறியிருக்கும். எனக்கே இரண்டு வருஷம் ஒரு பெட்டி கவிழ்ந்து ஓடியது. கோன் மாற்றிய இடத்தில் முனை மாறிவிட்டது. தனியாகக் கேட்டால் அது நல்ல பெட்டி. ஜோடி சேர்ந்தால் பக்கத்துப் பெட்டியின் சத்தத்தையும் தின்றுவிடும். அந்த இரண்டு வருஷமும் ஆம்ப் பவர் போதவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்தது, பேஸையும் டாப்பையும் சேர்ப்பது. கிராஸ்ஓவர், அதாவது பேஸுக்கும் டாப்புக்கும் சத்தத்தைப் பிரிக்கும் எல்லை, 100 ஹெர்ட்ஸ் என்றால் அதைச் சுற்றி 70 முதல் 140 வரை இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும். பாடும் குரலின் கனமும் மேளத்தின் உடம்பும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. டாப்பை மட்டும் ஓட்டி, மென்பொருளில் அதன் நேரத்தைப் பூட்டி, கோட்டைப் பதிந்துகொள்ள வேண்டும். பூட்டிய நேரத்தைத் தொடாமல் பேஸை மட்டும் ஓட்ட வேண்டும். பேஸுக்கு மென்பொருளின் தானியங்கி நேரத்தை எடுத்தால் ஏமாற்றும்; பேஸ் அலை மெதுவாக எழுந்து மெதுவாக அடங்குவதால், அது எந்த இடத்தை ஆரம்பம் என்று எடுத்தது என்பதே தெரியாது. கண்ணால் ஃபேஸ் கோட்டைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். 100 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிசெகண்ட் 36 டிகிரி. முந்தி வருவது எதுவோ அதற்கு டிலே கொடுத்து, இரண்டு கோடும் அந்தப் பகுதி முழுக்க ஒன்றன்மேல் ஒன்று ஓடும்படி செய்ய வேண்டும். ஒரு புள்ளியில் மட்டும் தொட்டால் போதாது. 10 மில்லிசெகண்ட் தவறிப்போனாலும் 100-இல் கோடுகள் தொட்டுக்கொள்ளும், ஏனென்றால் அது சரியாக ஒரு முழுச் சுற்று. ஆனால் கோடுகளின் சரிவு வேறாக இருக்கும். அடி ஒரு அடியாக விழாமல் ‘டப்-பும்’ என்று பிளந்து கேட்கும். முடித்த பிறகு பேஸை ஒருமுறை கவிழ்த்துப் பார்ப்பேன். கிராஸ்ஓவர் இடத்தில் ஆழமான பள்ளம் விழுந்தால், நிமிர்த்தும்போது நன்றாகக் கூடுகிறது என்று அர்த்தம்.

எந்த இடத்தில் நின்று இதைச் செய்வது என்பதில் முழு நியாயம் கிடைக்காது. டாப் உயரத்தில் தொங்குகிறது, பேஸ் தரையில் இருக்கிறது. முன்வரிசைக்கும் கடைசிக்கும் தூர வித்தியாசம் மாறிக்கொண்டே போகும். நான் கூட்டத்தின் நடு ஆழத்தில், நடுப்பாதையிலிருந்து விலகி, பெண்கள் பக்கம் ஒரு புள்ளியில் அலைன் செய்துவிட்டு, ஆண்கள் பக்கம், முன்வரிசை, கடைசி என்று நாலு இடத்தில் சரிபார்க்கிறேன். மிக்சருக்குப் பக்கத்தில் மைக் வைத்து முடித்துக்கொள்வது எளிது. மிக்சர் பெரும்பாலும் நடுப்பாதையின் கோட்டிலேயே இருக்கும். அங்கே எல்லாம் நன்றாகத்தான் கேட்கும்.

ஊருக்கு வெளியே என்ன போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. விழாக்களுக்காக வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு இடம் உண்டு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்கலாம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, ராத்திரி 45 டெசிபல். இந்த அளவு எல்லாம் ‘ஏ’ எடையிட்ட டெசிபல். அந்த எடை, 50 ஹெர்ட்ஸ் சத்தத்தை 30 டெசிபல் குறைத்துத்தான் கணக்கில் எடுக்கும். ஆகவே மேடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் 50 ஹெர்ட்ஸ் 90 டெசிபல் இருந்தாலும் மீட்டரில் 60 என்றுதான் விழும். மீட்டருக்குத் தெரியாத அந்தச் சத்தத்தில்தான் அலமாரிப் பாத்திரம் கிலுகிலுக்கும், ஓடு அதிரும், கைக்குழந்தை திடுக்கிட்டு அழும். மண்சுவரும் செங்கல் சுவரும் பேச்சைத் தடுக்கிற அளவுக்கு பேஸைத் தடுக்காது. மீட்டரில் எண் குறைவாக இருக்கிறது என்பதை வைத்து அந்த வீட்டுக்காரர்களுக்கு நாம் பதில் சொல்லிவிட முடியாது. பேஸைப் பின்னால் போகவிடாமல் நிறுத்துவதைத்தான் நான் பதிலாக நினைக்கிறேன்.

வெயிலும் காற்றும் இதில் தலையிடும். மத்தியானம் 36 டிகிரியில் அளந்ததற்கும் நள்ளிரவு 26 டிகிரிக்கும் சத்தத்தின் வேகம் நூற்றுக்கு இரண்டுக்குள் மாறும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் டாப்புக்கும் பேஸுக்கும் இது பெரிய விஷயமில்லை. இரண்டும் சேர்ந்தே பிந்தும். 60 மீட்டர் தள்ளித் தெருமுனையில் இன்னொரு ஜோடி டாப் வைத்து டிலே கொடுத்திருந்தால், ராத்திரியில் ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் கூட்ட வேண்டியிருக்கும். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் அடிக்கிற மேல்காற்று டாப்பின் சத்தத்தை அள்ளிக்கொண்டு போகும். பேஸை அந்த அளவுக்கு அசைக்காது. பணகுடி, வள்ளியூர்ப் பக்கத்துக் கொடைகளில் திடீரென்று பேஸ் கூடிவிட்டதாகச் சொன்னால், கூடியது பேஸ் அல்ல, குறைந்தது டாப். நான் அப்போது எந்த நாபையும் தொடுவதில்லை. காற்று விழும்வரை பொறுப்பேன்.

வயல்களுக்கு நடுவே இருக்கும் தாமிரபரணிக் கரை ஊர்களில் இன்னொன்று. மேகமில்லாத ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்து, மேலே இருக்கும் காற்று சூடாகவே நிற்கும். அப்போது மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து தரைக்கே வரும். சாயங்காலம் வயல் தாண்டிக் கேட்காத அடி, சாமக்கொடை நேரத்தில் அடுத்த ஊர்வரை போகும். அதனால் பத்தரை மணிக்கு ஒருமுறை, நையாண்டி மேளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மிக்சரைப் பையனிடம் கொடுத்துவிட்டு நடக்கிறேன். மத்தியானம் சாக்பீஸில் குறித்த நாலு இடத்திலும் இப்போது பாயும் பிள்ளையுமாக ஆள் இருக்கும். அவர்களுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் குந்தியிருந்து கேட்பேன். அப்புறம் மேடையைச் சுற்றிப் பின்தெருவில் கடைசி வீடு வரை போய், திண்ணையில் படுத்திருப்பவரிடம் “பாட்டையா, சத்தம் உள்ள வருதா?” என்று கேட்டுவிட்டு, கதவுப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். பலகை அதிர்ந்தால் திரும்பி வந்து பேஸை 3 டெசிபல் இறக்கிவிட்டு, மறுபடி அதே கதவுக்குப் போவேன்.